செங்காது ஆமைக்கு எதை வாங்கலாம், எதை விடலாம்

தாடி ஓணானுக்கு ஊஞ்சல், குட்டிச் சோபா, தோண்டும் பெட்டி என்று வெளிநாட்டு வீடியோக்களில் பார்த்துவிட்டு, அதெல்லாம் இங்கே எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. சிங்கப்பூரில் தாடி ஓணானை வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை. ஊர்வனவற்றில் தேசியப் பூங்காக் கழகம் அனுமதிப்பவை இரண்டே: செங்காது ஆமை, மலாயா பெட்டி ஆமை. ஆகவே இந்த மதிப்பீடு, கடைகளில் டெரப்பின் என்று விற்கப்பட்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளின் சமையலறை ஓரத்தில் வளரும் செங்காது ஆமைக்கானது.

ஆமைக்கு விளையாட்டு எதற்கு என்ற கேள்விக்கு வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிசாலையில் இருந்த ‘பிக்ஃபேஸ்’ நல்ல பதில். அது ஒரு நைல் மென்னோட்டு ஆமை. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் அதற்கு இருந்தது. தொட்டிக்குள் பந்து, வளையம், குச்சி எல்லாம் போட்ட பிறகு அந்தப் பழக்கம் குறைந்ததாக கார்டன் பர்கார்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் எழுதினார்கள். சும்மா மிதக்கும் ஆமை நிம்மதியாக இருக்கிறது என்று நாமாக முடிவுகட்டக் கூடாது. ஏறுவது, முங்குவது, தேடுவது, கடித்துக் கிழிப்பது, தோண்டுவது இவற்றில் எந்த வேலையை ஒரு பொருள் தருகிறது என்று பார்த்தே இங்கே தரம் சொல்லியிருக்கிறோம்.

முதல் செலவு, ஆமை நீரைவிட்டு ஏறிக் காயும் மிதவை மேடைக்குத்தான். கடைகளில் மூன்று வகை கிடைக்கும். கண்ணாடியில் ரப்பர் குமிழால் ஒட்டும் மேடை எல்லாவற்றிலும் மலிவு; குட்டி ஆமைக்குப் போதும். உள்ளங்கை அளவைத் தாண்டிய ஆமைக்கு இதை வாங்காதீர்கள். கண்ணாடியில் வழவழப்பாகப் பாசி படிந்ததும் குமிழின் பிடி விட்டுவிடும், விளக்குச் சூட்டில் குமிழும் தளர்ந்துபோகும். மேடை ஒரு பக்கம் சாய, ஆமை ஏறும், வழுக்கி விழும், இரண்டு நாளில் ஏறுவதையே விட்டுவிடும். வாரம் ஒருமுறை கண்ணாடியையும் குமிழையும் துடைத்தால் கொஞ்சம் தாங்கும். காந்தத்தால் பிடிக்கும் வகை இதைவிட உறுதி. ஆனால் கண்ணாடியின் கனத்துக்குப் பொருந்துகிறதா என்று அட்டைப்பெட்டியில் பார்த்து வாங்குங்கள். மூன்றாவது, தொட்டியின் விளிம்புக்கு மேல் உட்காரும் பெட்டி வகை. வளர்ந்த ஆமைக்கு எங்கள் தேர்வு இதுதான். மேடை தண்ணீரின் இடத்தை அடைப்பதில்லை, ஆமை முழுக்கக் காய முடியும். சுவர் மட்டும் உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரவில் தரையில் விழும் சத்தம் கேட்கும்.

எந்த வகையாக இருந்தாலும் ஆமையை விடுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். ஆமையைச் சமையல் தராசில் நிறுத்து, அதே எடைக்கு அரிசியைப் பையில் கட்டி, மேடையின் நடுவில் அல்ல, ஏறும் ஓரத்தில் வையுங்கள். அந்த ஓரம் நீருக்குள் போனால் அடி ஓடு காயாது. எப்போதும் ஈரமாகவே இருக்கும் ஓட்டில் அழுகல் வரும். பெரிய பெண் ஆமை 25 முதல் 30 செ.மீ. வரை வளரும், எடை இரண்டு கிலோவைத் தொடும். அட்டைப்பெட்டியில் ‘பெரியது’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்கினால் பலமுறை ஏமாற்றம்தான்.

சறுக்குப் பாதை வழவழப்பாக இருந்தால் செயற்கைப் புல்லை மீன்தொட்டி சிலிக்கானால் ஒட்டலாம். புளித்த வாடை முழுக்கப் போகும்வரை, குறைந்தது ஒரு நாள், தண்ணீரில் இறக்காதீர்கள். புல்லின் இழை பிய்ந்துவந்தால் அன்றே எடுத்துவிடுங்கள், ஆமை அதை விழுங்கிவிடும். மேடைக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒன்று தலை நுழையாத அளவுக்குச் சின்னதாக, அல்லது உடலே தாராளமாகப் போகும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். நடுத்தர இடைவெளியில் சிக்கிய ஆமை மூச்சுக்கு மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும். இதை அட்டைப்பெட்டிகளில் எச்சரிக்கையாகப் போடாதது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம்.

விளக்கில் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 5.0 என்று குறித்த யூவிபி குழல், அதாவது புற ஊதாக் கதிர் தரும் குழல், போதும். குழலுக்கும் மேடைக்கும் நடுவே கண்ணாடியோ அக்ரிலிக் மூடியோ இருந்தால் அந்தக் கதிர் உள்ளே வராது. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலும் அப்படித்தான். 6 முதல் 12 மாதத்துக்குள் குழலை மாற்றுங்கள், வெளிச்சம் அப்படியே இருந்தாலும் கதிர் குறைந்திருக்கும். மேடையில் 30 முதல் 35 டிகிரி சூடு வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் நீர் சூடேற்றி பெரும்பாலும் வீண்செலவு. இரவெல்லாம் ஏர்கான் ஓடும் அறை என்றால் மட்டும் நீர் 24 டிகிரிக்குக் கீழே போகிறதா என்று பாருங்கள்.

தீனி விஷயத்தில் மலிவானதே சிறந்தது. சைவ மீன்களுக்கான கீரைக் கிளிப்பில் கங்குங் கீரையை நன்றாகக் கழுவி, பாதி முங்கும்படி மாட்டுங்கள். மிதக்கவிட்ட கீரை வாய் பட்டதும் நழுவிப் போகும். கிளிப் இழுத்துப் பிடிப்பதால் ஆமை முன்காலால் தள்ளிக் கிழித்துத் தின்னும். அந்தக் காலுதைப்புக்காகவே இது வேண்டும். வளர்ந்த ஆமைக்குக் கீரைதான் முக்கியத் தீனி. குளிகைத் தீனியை ஒரே இடத்தில் கொட்டாமல் தொட்டியின் நாலு மூலையிலும் தூவினால் தேடிப் போகும்.

கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு, இந்தப் பட்டியலில் எங்களுக்கு மிகப் பிடித்தது. பறவைத் தீனி விற்கும் கடைகளில் கிடைக்கும். பின்பக்கத்துக் கெட்டித் தகட்டைக் கத்தியால் நீவி எடுத்துவிட்டு, கட்டைவிரல் அளவுத் துண்டாக மிதக்க விடுங்கள். கரகரவென்று கடிக்கும், சுண்ணச்சத்தும் கிடைக்கும், அலகும் தேயும். சில ஆமைகள் வாரக்கணக்கில் தொடாமல் திடீரென்று ஒரே நாளில் தீர்த்துவிடும், பயப்படாதீர்கள்.

பந்து வாங்குவதென்றால் தலையைவிடப் பெரிதாக, கெட்டியாக இருக்கட்டும். மேசைப்பந்து குட்டி ஆமைக்குச் சரி. பெரியது நசுக்கிவிட்டால் உடைந்த ஓரம் வாயைக் கிழிக்கும். ஸ்பஞ்ச் பந்து வேண்டவே வேண்டாம். செங்காது ஆமைக்கு நிறம் நன்றாகத் தெரியும். நீளக் குச்சியின் நுனியில் சிவப்பு மணி ஒன்றை இறுக்கிப் பொருத்தி, அதை மூக்கால் தொட்டதும் ஒரு குளிகை கொடுத்துப் பழக்கினால், எடை பார்க்கத் தராசுக்கு வரவழைக்கக்கூட அது உதவும்.

பிளாஸ்டிக் தென்னை மரம் வைத்த தட்டுத் தொட்டியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். ஓட்டின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சுமார் 15 லிட்டர் தண்ணீர் வேண்டும். தலையைவிடச் சிறிய கூழாங்கல் வயிற்றில் போய் அடைக்கும். துணைக்கென்று இன்னோர் ஆமை வாங்கினால் கடியும் வால் காயமும்தான் மிச்சம். இடம் போதவில்லை என்று நீர்த்தேக்கத்தில் விடுவது சட்டப்படி குற்றம். பொம்மைகளைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், சால்மொனெல்லா கிருமி பரவும். நம் குழாய் நீரில் குளோரமின் என்ற கிருமிநாசினி இருப்பதால் ஒரு நாள் பிடித்து வைத்தாலும் அது போகாது. ஃபில்டரின் நல்ல கிருமிகள் பிழைக்க, நீர்மாற்றும்போது குளோரமினையும் நீக்கும் மருந்து ஊற்றுங்கள்.

பெண் ஆமை வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு பெட்டி. ஆண் துணை இல்லாமலேயே அது முட்டை இடும். ஆமை தாராளமாகத் திரும்பும் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதில் 20 முதல் 25 செ.மீ. ஆழத்துக்கு மணலும் உரம் கலக்காத மண்ணும். குழி தோண்டினால் ஓரம் சரியாத அளவு ஈரம் வேண்டும். பின்காலால் தொட்டியை உதைத்து, தின்னாமல் சுற்றிச் சுற்றி நீந்தினால் பெட்டிக்குள் விட்டு, மறைவாக, சில மணி நேரம் தனியாக விடுங்கள். அப்படியும் முட்டை இடாமல் தவித்தால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுக்கத் தாமதிக்காதீர்கள்.