விசாவுக்குப் போட்ட ப்ளானை டோக்கியோவுக்குக் கொண்டு போன கதை

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம், செருப்புக் கடைக்கு மேலே மாடியில் இருக்கிற ஒரு ட்ராவல்ஸ். பெயர் வேண்டாம், பையன்கள் நல்ல பையன்கள். போன நவம்பரில் நானும் வீட்டுக்காரம்மாவும் எட்டு நாள் டோக்கியோ போய் வந்தோம். விசா, டிக்கெட், ஹோட்டல், அப்புறம் ‘டே பை டே ப்ளான்’. எல்லாவற்றுக்குமாக சர்வீஸ் சார்ஜ் 18,000 ரூபாய்.

விசா வேலையில் குறை இல்லை. வங்கி ஸ்டேட்மென்ட், வருமான வரிக் காகிதம், வெள்ளைப் பின்னணியில் போட்டோ என்று முழு லிஸ்டையும் ஒரே தடவையில் சொன்னார்கள். சத்துவாச்சாரியிலிருந்து நான் இரண்டாவது நடை நடக்கவில்லை. எனக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரையை ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துப் போகாதீர்கள், டாக்டர் சீட்டும் கையில் இருக்கட்டும், சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரை பக்கமே போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். கறி எந்த வடிவத்திலும் கொண்டு போகக் கூடாது, ஆம்பூர் பிரியாணி ஆசை இருந்தால் இங்கேயே தீர்த்துவிட்டுப் போங்கள் சார் என்றான் ஒருவன். எல்லாம் சரியான தகவல்.

ஒரே ஒரு கோளாறு. 2024 ஏப்ரலிலிருந்து நமக்கு ஜப்பானின் சுற்றுலா விசா பாஸ்போர்ட்டில் ஒட்டி வருவதில்லை, மின்விசாதான். அதை இன்டர்நெட்டோடு போனில் திறந்து காட்ட வேண்டும். பிரின்டும் செல்லாது, ஸ்கிரீன்ஷாட்டும் செல்லாது. இவர்கள் கலரில் பிரின்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, ரேஷன் கார்டு மாதிரி கொடுத்திருந்தார்கள். சென்னை ஏர்போர்ட் கவுண்டரில் இருந்த பெண் அதைத் தொடக்கூட இல்லை. லிங்க் அவர்கள் மெயிலில் இருந்தது. ராத்திரி பத்தரைக்குப் போன் போட்டேன். பையன் எடுத்தான், இரண்டு நிமிஷத்தில் அனுப்பினான். அதற்காக அரை மார்க் திருப்பிக் கொடுக்கலாம்.

இப்போது அந்த ப்ளானுக்கு வருகிறேன். ஜப்பான் விசாவுக்கு எந்தத் தேதியில் எங்கே இருப்பீர்கள் என்று நாள்வாரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். இவர்களிடம் அதற்கென்று ஒரு தாள் தயாராக இருக்கிறது. தேதியையும் பெயரையும் மட்டும் மாற்றுவார்கள். விசா அதிகாரி பார்ப்பதற்காக எழுதிய அதே தாளைத்தான் எங்களிடமும் ‘ப்ளான்’ என்று நீட்டினார்கள்.

இரண்டாம் நாள் காலை: சுகிஜி சந்தையில் சூரை மீன் ஏலம். முதலில், எங்கள் வீட்டம்மா சுத்த சைவம். அடுத்தது, அந்த மொத்த வியாபாரச் சந்தை 2018 அக்டோபரிலேயே தொயோசுவுக்கு இடம் மாறிவிட்டது. சுகிஜியில் இப்போது இருப்பது வெளிச் சந்தைக் கடைகள்தான். நான்காம் நாள்: ஒதைபாவில் ராட்சத ராட்டினம். அது 2022 ஆகஸ்டில் மூடிவிட்ட சங்கதி. மூன்றாம் நாள் அசாகுசா கோயில், ஐந்தாம் நாள் ஸ்கைட்ரீ கோபுரம். சுமிதா ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஒன்றிலிருந்து இன்னொன்று இருபது நிமிஷ நடை. நம்ம ஊர்க் கோட்டையைத் திங்கட்கிழமையும், கோட்டைக்குள்ளே இருக்கிற ஜலகண்டேஸ்வரரைப் புதன்கிழமையும் பார்ப்பது போல.

இதையெல்லாம் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால்தான் கவனித்தேன். மேப்பைத் திறந்து, ஒரு முழு வெள்ளைத்தாளில் முதலில் யமனோதே என்கிற சுற்று ரயில் லைனை வட்டமாகப் போட்டேன். டோக்கியோவுக்குப் புதிதாகப் போகிறவர்கள் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பேன். 34.5 கிலோமீட்டர், 30 ஸ்டேஷன், ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். உவேனோ, டோக்கியோ, ஷிபுயா, ஷின்ஜுகு எல்லாம் அந்த வட்டத்தின் மேலேயே இருக்கின்றன. பார்க்க வேண்டிய இடங்களை வட்டத்தில் குறித்துக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை ஒரே நாளில் சேர்த்தேன். எட்டு நாள் வேலை ஆறு நாளில் அடங்கிவிட்டது.

ஆளுக்கு 50,000 யென்னுக்கு ஏழு நாள் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாஸ் எடுக்கச் சொன்னார்கள். 2023 அக்டோபருக்கு முன்னால் அது 29,650 யென். ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்குக் கட்டுப்படியாகலாம். டோக்கியோவுக்குள்ளேயே இருக்கிறவர்களுக்கு வீண். சுய்கா என்கிற ரயில் கார்டில் பணம் ஏற்றிக்கொண்டு, ஸ்டேஷன் வாசலில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனோம். மெட்ரோவில் அதிகம் சுற்றும் நாட்களுக்கு 72 மணி நேரச் சுரங்க ரயில் டிக்கெட் வாங்கினோம். வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்கிறார்கள், ஆனால் யமனோதேயில் அது செல்லாது.

ஷின்ஜுகு ஸ்டேஷனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காட்பாடியில் இறங்கினால் எந்தப் பக்கம் போனாலும் ஆட்டோக்காரர் நம்மைக் கண்டுபிடித்துவிடுவார். அங்கே இருநூறுக்கு மேல் வாசல்கள். வாசல் பெயரை எழுதி வைத்துக்கொள்ளாமல் போன அன்றைக்கு நாற்பது நிமிஷம் பூமிக்கு அடியிலேயே சுற்றினோம். அதன் மேற்குப் பக்கத்தில் டோக்கியோ அரசுக் கட்டடம் இருக்கிறது. 45-ஆவது மாடி, 202 மீட்டர், ஏறிப் பார்க்கக் காசே இல்லை. ப்ளானில் அது இல்லை. காசு கொடுத்து ஏறுகிற ஸ்கைட்ரீ மட்டும் இருந்தது.

ட்ராவல்ஸ் கொடுத்த ‘எடுத்துச் செல்ல வேண்டியவை’ லிஸ்டில் எலக்ட்ரிக் கெட்டில் இருந்தது. நான் கரண்ட் ஆபீஸில் 33 வருஷம் இருந்தவன். வேண்டாம் என்றேன், வீட்டில் யார் கேட்டார்கள்? அங்கே 100 வோல்ட். நம்ம ஊர் 1,000 வாட் கெட்டில் அதில் 190 வாட்தான் வேலை செய்யும், ஐந்தில் ஒரு பங்கு. அரை லிட்டர் தண்ணீரை வைத்துவிட்டுக் குளித்து, துணி மாற்றி வந்தேன். அப்போதுதான் அடியில் குமிழி விட ஆரம்பித்திருந்தது. மேஜையில் ஹோட்டல்காரனின் கெட்டில் சும்மா உட்கார்ந்திருந்தது. இன்னொன்றும் சொல்கிறேன், வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். டோக்கியோவில் 50 ஹெர்ட்ஸ், ஒசாகாவில் 60 ஹெர்ட்ஸ். 1890-களில் டோக்கியோக்காரர்கள் ஜெர்மன் ஜெனரேட்டர் வாங்கினார்கள், ஒசாகாக்காரர்கள் அமெரிக்க ஜெனரேட்டர் வாங்கினார்கள். இன்றுவரை ஒரே நாட்டில் இரண்டு அதிர்வெண்!

சாப்பாட்டுக்கு ‘வெஜ் ரெஸ்டாரன்ட் கிடைக்கும்’ என்று ஒற்றை வரிதான் எழுதியிருந்தார்கள். தாஷி என்ற சொல்லே அதில் இல்லை. உதோன் நூடுல்ஸ் குழம்பு, மிசோ சூப் எதை எடுத்தாலும் பெரும்பாலும் அடியில் தாஷி, அதாவது உலர்ந்த மீன் சாறுதான்; மேலே காய் மிதக்கிறது என்று நம்பக்கூடாது. நிஷிகசாய் பக்கம் நம்மவர்கள் நிறைய இருக்கிறார்கள், இந்திய ஹோட்டல்களும் உண்டு. தினமும் அவ்வளவு தூரம் போக முடியுமா? வீட்டம்மா டப்பாவில் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டு வந்திருந்தார். கடையில் விற்கிற வெந்த சோற்றுப் பொட்டலத்தைச் சூடாக்கி, நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தோம். அந்த அரிசி ஒட்டும். பருப்புப் பொடிக்கு ஒட்டுகிற சோறு இவ்வளவு பொருந்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நானாகச் சேர்த்துக்கொண்டது ஒரு இடம்: சுகினாமியில் ரென்கோஜி கோயில். நேதாஜியின் அஸ்தி என்று சொல்லப்படுவது 1945 செப்டம்பரிலிருந்து அங்கேதான் இருக்கிறது. கதவு சாத்தியிருந்தது. முற்றத்தில் அவருடைய மார்பளவுச் சிலை. என் அப்பா ஐ.என்.ஏ. கதை சொல்லியே எங்களை வளர்த்தவர். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தோம்.

மொத்தத்தில் ட்ராவல்ஸுக்கு என் மார்க் ஐந்துக்கு மூன்று. விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் தாராளமாகப் போகலாம், ப்ளானுக்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஊர் திரும்பியதும் பையனிடம் நேரில் சொன்னேன். கோபப்படவில்லை. “சார், நீங்க போட்ட அந்த வட்டத் தாளை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கலாமா?” என்றான். கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் மேல் மூலையில் சிவப்புப் பேனாவால் அன்றைய தேதியைப் பெரிதாக எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.