ஒரு புலிப் பாட்டும் நாலு வகை வகுப்பும்

குறுந்தொகையின் 343ஆம் பாட்டு இது:

நினையாய் வாழி தோழி நனைகவுள்
அண்ணல் யானை அணிமுகம் பாய்ந்தென
மிகுவலி இரும்புலிப் பகுவாய் ஏற்றை
வெண்கோடு செம்மறுக் கொளீஇ விடர்முகைக்
கோடை ஒற்றிய கருங்கால் வேங்கை
வாடுபூஞ் சினையிற் கிடக்கும்
உயர்வரை நாடனொடு பெயரு மாறே.

பாடியவர் ஈழத்துப் பூதன்தேவனார். இலங்கையின் வன்னியில் இருந்துகொண்டு போனில் சங்க இலக்கியம் படிக்க நினைக்கிறவர்கள் எந்த வகை வீடியோவை நம்பலாம் என்று பார்க்க, இந்தப் பாட்டையே எடுத்துக்கொள்கிறேன். பழம்பாட்டில் நாம் தடுக்கி விழுகிற இடங்கள் பலவும் இந்த ஏழு அடிக்குள் இருக்கின்றன.

முதற்சொல்லிலேயே சிக்கல். 'நினையாய்' என்றதும் 'நினைக்கமாட்டாய்' என்று வாசிக்கத் தோன்றும். ஆனால் இங்கே 'நினைத்துப் பார்' என்று பொருள். எதை? அதற்குப் பாட்டின் கடைசி அடிக்குப் போக வேண்டும்: உயர்ந்த மலைநாட்டானோடு புறப்பட்டுப் போவதை. தோழி தலைவியிடம், அவனோடு போய்விடு என்று சொல்கிறாள். இடையில் உள்ள அடிகள் அவனுடைய மலை எப்படிப்பட்டது என்று சொல்கின்றன. மதநீர் வழிகிற யானையின் முகத்தில் ஓர் ஆண்புலி பாய்கிறது. யானையின் வெள்ளைக் கொம்பு சிவப்புக் கறை படிகிறது. அப்புறம் அந்தப் புலி, மலைப்பிளவில் காற்று மோதி விழுத்திய வேங்கை மரத்தின் வாடிய பூங்கிளை மாதிரிக் கிடக்கிறது. புலி செத்தது என்று புலவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. வாடியது, கிடக்கிறது என்ற இரண்டையும் வைத்து நாமே விளங்கிக்கொள்ள வேண்டும்.

சரி, இதை யார் எப்படிச் சொல்லித் தருகிறார்கள்?

தேடினால் முதலில் வந்து நிற்பவை மேடைப் பேச்சுகள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் என்று நீளும். பேச்சாளர் கெட்டிக்காரர்; சிரிக்க வைப்பார், நடுவே சினிமாப் பாட்டு ஒன்றும் வரும். இப்படிப்பட்ட பேச்சில் நமது பாட்டு அகப்பட்டால் புலியும் யானையும் மோதுகிற இடம் பிரமாதமாக இருக்கும். கைதட்டலும் விழும். ஆனால் தோழி என்ன சொல்ல வந்தாள் என்பது கைதட்டலுக்குள் போய்விடும். கேட்கும்போது எல்லாம் விளங்கின மாதிரி இருக்கும். வீடியோவை நிறுத்திவிட்டு 344ஆம் பாட்டை எடுத்துப் பார்த்தால் முதல் அடியிலேயே நிற்போம். ருசி காட்டுவதற்கு இந்த வகையை விட்டால் வேறில்லை என்பேன். படிப்பிப்பதற்கு இது போதாது. இவற்றையே வருடக்கணக்காகக் கேட்டுவிட்டு 'எனக்குச் சங்க இலக்கியம் தெரியும்' என்று சொல்கிறவர்களோடு வாதாட எனக்குப் பொறுமை இல்லை.

இரண்டாவது, ஏஎல் (உயர்தரப் பரீட்சை) தமிழ் வகுப்புகள். 2020இல் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது இவை பெருகின. நம்மூர்ச் சேர்மாரும் மிஸ்மாரும் சொல்லித் தருகிறார்கள். இதில் எனக்குப் பிடித்தது அவர்கள் வாயில் வருகிற சொற்கள். 'கோடை ஒற்றிய' என்பதற்கு உரைகாரர்கள் மேல்காற்று என்று எழுதுவார்கள். நம்மூர் ஆசிரியர் 'கச்சான் காற்று' என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போகலாம். யானை பற்றியும் விளக்கம் வேண்டாம். தோட்டத்துக்குள் யானை வந்து போன கதை நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது. ஆனால் குறை பெரிய குறை. பாடத்திட்டத்தில் உள்ள பாட்டுக்குத்தான் வகுப்பு. அதிலும் கேள்வி வரக்கூடிய இடத்தில்தான் அழுத்தம்: உவமை என்ன, திணை (பாட்டின் நிலமும் ஒழுக்கமும்) என்ன, துறை (யார் எந்தச் சூழலில் பேசுகிறார்) என்ன, மூன்று புள்ளி எழுது. பரீட்சை எடுக்கிற பிள்ளைக்கு அது நியாயம். நாற்பது வயதில் ஆசைக்குப் படிக்கிறவருக்கு விடைக்குறிப்பு எதற்கு? ஆனாலும் திணை, துறை என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் இரண்டு மூன்று ஏஎல் வீடியோ பார்த்துவிட்டு வேறு பக்கம் போனால் நல்லது. அந்த அடிப்படையை மேடையில் யாரும் சொல்லமாட்டார்கள்.

மூன்றாவது வகைதான் என் தெரிவு. ஒரு பாட்டு, ஒரு வீடியோ, பத்துப் பதினைந்து நிமிடம். பெரும்பாலும் பேசுகிறவர் முகம்கூடத் தெரியாது. திரையில் பாட்டு இருக்கும், முதலில் புத்தகத்தில் உள்ளபடி, பிறகு சொற்களைப் பிரித்து. ஒவ்வொரு சொல்லாகப் பொருள், பிறகு எந்தச் சொல் எதோடு சேரும் என்று கோடு இழுத்துக் காட்டுவது, கடைசியில் முழுப் பொருள். குரல் சில சமயம் தூக்கம் வரவைக்கும். பார்வையாளர் எண்ணிக்கையும் கேவலமாக இருக்கும். அதைப் பார்த்துத் தள்ளிவிடாதீர்கள். 'நினையாய்' என்பதிலிருந்து 'பெயருமாறே' வரைக்கும் ஒரு கோடு இழுக்கிறவர்தான் இந்தப் பாட்டைப் படிப்பிக்கிறவர். இந்தக் கோட்டை நாலைந்து பாட்டில் பார்த்துவிட்டால், அடுத்த பாட்டில் வினை எங்கே என்று கண் தானாகத் தேடத் தொடங்கும்.

இந்த வகையிலும் நல்லதையும் கெட்டதையும் பிரிக்க எனக்கு ஒரு சோதனை உண்டு. பேசுகிறவர் பொழிப்புரையை மட்டும் வாசித்துவிட்டு 'எவ்வளவு அழகு பாருங்கள்' என்றால் அடுத்ததுக்குப் போய்விடுவேன். 'கொளீஇ' என்று ஏன் நீள்கிறது, 'பாய்ந்தென' என்பதில் அந்த 'என' என்ன வேலை செய்கிறது என்று நின்று சொல்கிறாரா? வேங்கை மரத்தின் பூ மஞ்சள், அடிமரம் கறுப்பு, அதனால்தான் விழுந்த கிளை புலி மாதிரித் தெரிகிறது என்று காட்டுகிறாரா? அப்படியானவரை விடக்கூடாது.

ஒரு எச்சரிக்கை, இது நமது சிக்னலுக்காக. காட்டோரக் கிராமங்களில் வீடியோ தானாகவே 144 என்ற மங்கலான தரத்துக்கு இறங்கிவிடும். மேடைப் பேச்சுக்கு அது போதும், முகம் மங்கினால் என்ன. ஆனால் பாட்டைத் திரையில் காட்டுகிற வீடியோவில் எழுத்துக்கு மேலே உள்ள புள்ளி முதலில் மறைந்துவிடும். புள்ளி இல்லாவிட்டால் மெய்யா உயிர்மெய்யா என்று தெரியாது, சொற்பிரிப்பே பிழைத்துவிடும். நல்ல சிக்னல் உள்ள இடத்துக்குப் போகும்போது 480இல் இறக்கி வைத்துக்கொள்வது ஒரு வழி. இன்னொரு வழி, பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒலியை மட்டும் கேட்பது. 128 கிலோபிட் ஒலி மணிக்கு 60 எம்பிக்குள் முடிந்துவிடும். உ.வே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பின் உரை தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, மூலம் மட்டும் போதுமென்றால் மதுரைத் திட்டத்தில் எடுக்கலாம். எழுத்துப் பக்கம் என்பதால் டேட்டா ஒரு பொருட்டே இல்லை. 2009இல் போர் முடிந்த பிறகு ஒரு புத்தகமும் மிஞ்சாத வீடுகள் எத்தனையோ இங்கே இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தளங்கள்தான் அலுமாரி.

நாலாவது, சூமில் நேரடி வகுப்பு. பதிவு செய்த வீடியோவில் இல்லாத ஒன்று இதில் உண்டு: கேள்வி கேட்கலாம், நம்மிடமும் கேட்பார்கள். 'நீங்கள் இந்த அடியைப் பிரித்து வாசியுங்கோ' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தூக்கம் ஓடிவிடும். ஆனால் நடைமுறை கஷ்டம். தமிழ்நாட்டு வகுப்பு என்றால் நேரம் நமக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான், பிரச்சினை இல்லை. புலம்பெயர்ந்தவர்கள் நடத்துகிற வகுப்பில் சேர்ந்தால், கோடைகாலத்தில் ரொறன்ரோவில் இரவு 8 மணி நமக்கு விடிய 5:30, லண்டனில் மாலை 7 மணி நமக்கு இரவு 11:30. பசுமாடு உள்ள வீட்டில் காலை வகுப்பு சரிவராது, இரவு வகுப்பு யாருக்குமே சரிவராது. இலவசக் கணக்கில் நடத்துகிற வகுப்பு 40 நிமிடத்தில் அறுந்து, எல்லாரும் மறுபடி உள்ளே வருவதற்குள் பாட்டின் சூடு ஆறிவிடும். காசு கேட்கிற வகுப்பாக இருந்தால் ஒரு வகுப்பாவது சும்மா இருந்து பார்க்கக் கேளுங்கள். ஆசிரியரே முழு நேரமும் பேசுகிறார் என்றால் அது சூமில் நடக்கிற மேடைப் பேச்சு, பதிவைப் பார்த்தால் போதும்.

கேட்டுத் திருத்துகிற இந்த முறை நமக்குப் புதிது இல்லை. கோயிலில் கந்தபுராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டை இழுத்து வாசிப்பார், மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்லுவார். பிழையாகப் பிரித்து வாசித்தால் பயன் சொல்லுகிறவர் அந்த இடத்திலேயே மறிப்பார். கேட்டுக்கொண்டிருக்கிற கிழவர்கள் யாராவது பயனிலும் பிழை பிடிப்பார்கள். 10,345 பாட்டையும் அப்படிக் கேட்டு முடித்தவர்கள் ஊரில் இன்னும் ஒருவர் இருவர் இருந்தால், எந்த வீடியோவையும் விட அவர்களுக்குப் பக்கத்தில் போய் இருப்பது மேல். சங்கப் பாட்டு அவர்களுக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். பாட்டைப் பிரிக்கிற கை அவர்களிடம் இருக்கிறது.

சிலப்பதிகாரத்துக்கு வேறு கணக்கு. முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கதை முன்னமே தெரியும், கதை சொல்கிற வீடியோ வீண். ஆனால் கூத்தில் வருகிற கண்ணகி கதையும் காப்பியக் கதையும் பல இடத்தில் பிரியும். ஆகையால் அங்கேயும் மூலத்தை அடியடியாகக் காட்டுகிற வீடியோவையே தேடுங்கள்.

கம்பனுக்கு வந்தால் மட்டும் என் தீர்ப்பு தலைகீழ். சூர்ப்பணகை வருகிற பாட்டைப் பாருங்கள்:

பஞ்சியொளிர் விஞ்சுகுளிர் பல்லவ மனுங்கச்
செஞ்செவிய கஞ்சநிமிர் சீறடிய ளாகி
அஞ்சொலிள மஞ்ஞையென அன்னமென மின்னும்
வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்.

இதைச் சொல் சொல்லாகப் பிரித்துத் திரையில் போட்டுக் கோடு இழுத்தால் அவளுடைய நடை போய்விடும். ஞ்ச, ஞ்ச என்று அவள் கால் வைக்கிற சத்தம் முதலில் காதில் விழ வேண்டும். நான் பழித்த அதே மேடைப் பேச்சாளர்கள் இங்கே ராசாக்கள். மனப்பாடமாக ஒரே மூச்சில் சொல்லுவார்கள். அதுவும் ஒலி மட்டும் இறக்கினால் போதும், வயலுக்குத் தண்ணீர் மறித்துவிட்டு வரம்பில் இருந்து கேட்கலாம். பொருளைப் பிறகு வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.