கிளப் ஒப்பந்தமா, காக்கிச் சட்டையா?

சேலம் காந்தி மைதானத்தில் கால்பந்தில் கோல் அடித்துப் பழகும் பெண் பிளஸ் டூ முடித்ததும் வீட்டில் கிளம்பும் கேள்வி இது.

கிளப் என்றால் தமிழ்நாட்டிலேயே மதுரையின் சேது எஃப்சி. 2018-19 இந்தியப் பெண்கள் லீக்கை வென்ற அணி. கோல் அடிக்கும் ஃபார்வர்டுக்குக் கூர்மை அங்கேதான் வரும். தேசிய அணியின் தடுப்பு ஆட்டக்காரர் முதுகில் ஒட்டி நிற்க, பந்தை வாங்கி அரை நொடியில் திரும்பி அடிக்கப் பழகலாம். ஆனால் பல ஒப்பந்தங்கள் சீசனோடு சரி. முழங்கால் லிகமெண்ட் கிழிந்தால் அடுத்த சீசனும் போச்சு.

தமிழக அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம். மாதச் சம்பளம், அப்பாவுக்கு நிம்மதி. கடலூர் இந்துமதி கதிரேசன் காவல்துறை சப்-இன்ஸ்பெக்டராக இருந்துகொண்டே இந்தியாவுக்கு ஆடினார்.

என் ஓட்டு முதலில் கிளப்புக்கு, அப்புறம் விண்ணப்பம். போட்டிச் சான்றிதழ்களை மட்டும் தொலைக்காதீர்கள். ஒதுக்கீட்டுக்கு அதைத்தான் கேட்பார்கள்.