சர்ச் ஸ்ட்ரீட்டில் கிடைத்த ஒரு வம்சாவளிப் புத்தகம்

பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஆங்கிலேயப் பிரபுக்களின் வம்சாவளித் தொகுதி ஒன்றை 900 ரூபாய்க்கு வாங்கினேன். பைண்டிங் பிரிந்திருந்தது, கடைக்காரர் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஆனால் உள்ளே இருக்கிற விஷயத்துக்கு இந்த விலை தாராளமாகத் தகும். 1791இல் நம்ம ஊர்க் கோட்டையைப் பிடித்த ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸுக்கு மறு வருஷமே மார்க்வெஸ் என்கிற உயர்ந்த பிரபுப் பட்டம் கிடைத்தது, ஆனால் அவர் மகனுக்குப் பிறந்தது எல்லாம் பெண் பிள்ளைகள், பட்டம் ஆண் வழியில்தான் போகும் என்பதால் 1823இல் அந்த மகனோடு அதுவும் போய்விட்டது. 1753இல் அந்த மகனின் தாத்தாவுக்குக் கொடுத்த, மார்க்வெஸுக்கு ஒரு படி கீழான ஏர்ல் பட்டம் மட்டும், அந்தத் தாத்தாவின் இன்னொரு மகன் என்பதால், பிஷப்பாக இருந்த சித்தப்பாவுக்குப் போனது. அப்புறம் 1852இல் அதுவும் முடிந்தது. காரன்வாலிஸின் மகனுக்கு ஐந்து மகள்கள் இருந்தும் பட்டத்துக்கு வாரிசு இல்லையாம், படிக்கவே மனசு கனத்தது.

நிதானமாகப் புரட்டிப் பார்க்க விடுகிறார்கள், அதற்காகவே மறுபடி போவேன்.