1,890 ரூபாய் போச்சு: பைக் "ஆயில் சேஞ்ச் கிட்" ஆன்லைன்ல வாங்குறவங்க கவனத்துக்கு

மக்களே, "ஸ்ப்ளெண்டர் ஆயில் சேஞ்ச் கிட், மெக்கானிக் தேவையில்லை"னு ஒண்ணு ஆன்லைன்ல 1,890 ரூபாய்க்கு ஓடிட்டிருக்கு. வாங்கிடாதீங்க. தளத்தோட பேர் வேண்டாம். உப்பு புளியில இருந்து ஃப்ரிட்ஜ் வரைக்கும் விக்கிற பெரிய சந்தைத் தளம், அதுக்குள்ள கடை போட்டிருக்கிற ஒரு விற்பனையாளர், அவ்வளவு போதும். வீட்டிலேயே ஆயில் மாத்துறதைப் பத்தி முழுசா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன். முதல்ல இதைக் கொட்டிடறேன்.

கிட்ல இருக்கிறதா சொன்னது: 10டபிள்யூ-30 (ஆயிலோட கனத்தைச் சொல்ற கிரேடு) ஆயில் 900 மில்லி ரெண்டு டப்பா, ட்ரெயின் போல்ட்டுக்கு (இன்ஜின் அடியில ஆயிலை இறக்குற போல்ட்) வாஷர் ரெண்டு, 17 நம்பர் ரிங் ஸ்பேனர், புனல், ட்ரே, கையுறை. பக்கத்துல தளத்தோட பச்சை டிக், "அசல் பொருள் உத்தரவாதம்", "எளிதான ரிட்டர்ன்". இந்த டிக்கை நம்பி யாரும் காசு கட்ட மாட்டாங்க, நானும் கட்டல. பணம் போடுறதுக்கு முன்னாடியே விற்பனையாளர்கிட்ட கேள்வி கேட்டேன்: ஆயில் ஜாசோ (பைக் ஆயிலுக்கான ஜப்பான் தர முத்திரை) எம்ஏ-வா, எம்பி-யா? பேட்ச் நம்பர் என்ன? உடனே பதில் வந்துச்சு. "எம்ஏ சார். பைக்குக்கு எம்பி போடக் கூடாது சார், கிளட்ச் ஸ்லிப் ஆகும்." கூடவே டப்பாவோட பின்பக்கம் போட்டோ. ஜாசோ கட்டம், அதுக்குள்ள எம்ஏ, மேல எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு, பேட்ச் நம்பர், தயாரிப்பு மாசம், எல்லாம் பளிச்சுனு தெரியுது. "கம்பெனி பில்லோட வரும் சார், பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பிடுங்க." பொருள் தெரிஞ்சவன் பேசுற பேச்சு. இந்தப் பதிலுக்கும் இந்தப் போட்டோவுக்கும்தான் 1,890 ரூபாய்.

எம்ஏ, எம்பி ஏன் அவ்வளவு முக்கியம்னு தெரியாதவங்களுக்கு: ஸ்ப்ளெண்டர் மாதிரி கியர் பைக்ல இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூணும் ஒரே ஆயில்லதான் ஓடுது. கிளட்ச் ப்ளேட் ஆயில்ல முங்கியே இருக்கும். மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கிற மருந்து கலந்த கார் ஆயிலையோ, ஸ்கூட்டருக்கான எம்பி ஆயிலையோ இதுல ஊத்தினா, ப்ளேட் ஒண்ணை ஒண்ணு பிடிக்காம வழுக்கும். ஆக்ஸிலேட்டர் முறுக்கினா சத்தம் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. ஸ்கூட்டர்ல கிளட்ச் ஆயிலுக்கு வெளியே காய்ஞ்சு கிடக்கும், அதனால அங்க எம்பி சரி.

பெட்டி வந்துச்சு. திறந்ததும் முதல் கோளாறு: லிஸ்டிங்ல இல்லாத ஒரு பேப்பர் ஆயில் ஃபில்டர், மேல "இலவசப் பரிசு, ஸ்ப்ளெண்டருக்கு"னு ஸ்டிக்கர். 97.2 சிசி ஸ்ப்ளெண்டர் இன்ஜின்ல கழட்டி மாட்டுற பேப்பர் ஃபில்டரே கிடையாதுங்க! வலது பக்க கவருக்குள்ள கிராங்கோட (இன்ஜினோட சுழல் தண்டு) சேர்ந்து சுத்துற ஒரு ரோட்டர் இருக்கு. ஆயில்ல வர்ற கசடை அது சுத்துற வேகத்துல ஓரத்துல ஒதுக்கிடும். அது போக ஒரு கம்பி வலை, ஸ்ட்ரெயினர். அவ்வளவுதான். இந்த வண்டியைத் தொட்டுப் பார்த்தவன் அந்த ஸ்டிக்கரை ஒட்டியிருக்க மாட்டான். அப்பவே சந்தேகம் வந்து, பழைய ஆயிலை இறக்காம மத்த சாமானை ஒவ்வொண்ணா பார்த்தேன்.

ஆயில் டப்பா. லேபிள் அச்சு அசல். மூடியைத் திருகினா, அடியில இருக்கிற வளையம் பல்லு பல்லா உடையணும், அந்த "நறுக்" கையில தெரியும். இதுல வளையம் ஏற்கனவே விட்டுப் போயி, மூடியோட சேர்ந்து சுத்துது. உள்ள அலுமினிய ஃபாயில். கம்பெனில வாய் விளிம்போட சூட்டுல ஒட்டுற ஃபாயில் அவ்வளவு சுலபமா வராது. கிழியும், விளிம்புல ஒரு படலம் ஒட்டியே நிக்கும். இது நகத்தால தூக்கினதும் முழு வட்டமா வந்துடுச்சு, கூடவே பசை நூல் நூலா இழுக்குது. அதுக்குக் கீழ டப்பாவோட கழுத்துல, உள்பக்கம், காய்ஞ்சு போன பழுப்புக் கோடு. ஏற்கனவே ஒரு தடவை ஆயில் ஊத்திக் காலியான டப்பா அது. பேட்ச் நம்பர் இருக்கிற இடத்துல தின்னர் வச்சுத் துடைச்ச வெள்ளை மூட்டம், அது மேல புது நம்பர். போட்டோல காட்டின நம்பர் இல்ல. தயாரிப்பு மாசம் எங்கேயுமே இல்ல.

ஆயிலோட நிறத்தைப் பார்த்து அசல், போலினு யாரும் சொல்ல முடியாது. புது ஆயிலே பொன்னிறமா, சிவப்பா, பச்சையா எப்படி வேணா வரும், சாயம்தான். நிறத்தை விட்டுட்டுக் கனத்தைப் பாருங்க. ஒரே மாதிரி ரெண்டு சின்ன கண்ணாடி பாட்டில், ஒண்ணுல நம்பிக்கையான கடையில வாங்கின அதே 10டபிள்யூ-30, இன்னொண்ணுல இது. ரெண்டையும் ஒரே அளவு, மேல கொஞ்சம் காத்து விட்டு மூடி, ஒரே இடத்துல வச்சு, ஒரே நேரத்துல கவிழ்த்தா காத்துக் குமிழி மேல ஏறும். நல்லதுல மெதுவா ஏறுச்சு. கிட் ஆயில்ல விருட்டுனு ஏறிடுச்சு, ரசம் மாதிரி ஓடுது. லேப் டெஸ்ட் இல்லதான், ஆனா ஒரே கிரேடுனு சொல்ற ரெண்டு ஆயில் கண்ணுக்கே தெரியுற அளவுக்கு வித்தியாசப்படக் கூடாது. கடைசி கொஞ்சத்தை வெள்ளைப் பீங்கான் தட்டுல ஊத்தினா அடியில கருப்புப் பொடி. மண்ணெண்ணெய் வாடை. அளவு ஜாடில 900 மில்லியும் இல்ல.

இதை ஊத்தியிருந்தா? பழைய ஆயிலை மேலோட்டமா வடிகட்டி நிரப்பின சரக்குல, தேய்மானத்தைத் தடுக்கிற மருந்து ஏற்கனவே செத்திருக்கும். சூடானதும் இன்னும் தண்ணியாகும். இந்த இன்ஜின்ல ஆயில் போறதுக்கே கஷ்டமான இடம் மேல இருக்கிற கேம், ராக்கர் (வால்வைத் திறந்து மூடுற பாகங்கள்). முதல்ல தேயுறதும் அதுதான். வால்வு பக்கம் "டக் டக்"னு டேப்பெட் சத்தம் வரும், கியர் இறுகும், நியூட்ரல் விழாது. இன்ஜின் ஹெட்டைப் பிரிக்கிற வேலைக்குப் போனா 1,890 ரூபாயெல்லாம் சில்லறை.

வாஷர் ரெண்டும் இரும்பு, அதுவும் 14 எம்எம் ஓட்டை. ட்ரெயின் போல்ட்டோட மரை 12 எம்எம். இங்க மெத்துனு அமுங்குற அலுமினியமோ செம்போதான் போடணும். இறுக்கும்போது அது நசுங்கி இடுக்கை அடைக்கும். இரும்பு நசுங்காது, ஓரத்துல ஆயில் கசியும். கசியுதேனு நாம இன்னும் இறுக்குவோம். இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம், போல்ட் இரும்பு. மரை போறது போல்ட்ல இல்ல, இன்ஜின்ல. அப்புறம் லேத்துக்குத் தூக்கிட்டுப் போயி மரை போட்டு வரணும். வீட்டுல ஆயில் மாத்துறவங்க பல பேர் மாட்டிக்கிற இடம் இது. 17 ஸ்பேனரும் போல்ட் தலையில லொடலொடனு ஆடுது. அதுல பலம் கொடுத்தா ஆறு மூலையும் மழுங்கும்.

சரி, ரிட்டர்ன் போடலாம்னு போனா அங்கதான் கூத்து. பட்டனை அழுத்தினா "இந்தப் பொருள் திரவ வகை, ரிட்டர்ன் இல்லை". வாங்கும்போது "எளிதான ரிட்டர்ன்"னு போட்டிருந்த அதே பக்கம். சாட்ல போனா முதல்ல ரோபோ, அது "டெலிவரி வந்துவிட்டதா?"னு திரும்பத் திரும்பக் கேக்குது. மனுஷன் வந்தாரு, போட்டோ கேட்டாரு, அனுப்பினேன். "சீல் உடைக்கப்பட்டுள்ளதால் ஏற்க இயலாது." சீலை உடைக்காம உள்ள இருக்கிறது போலின்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது? கேட்டா, "உங்க ஆதங்கம் புரியுது சார்". போன்ல பேசின அம்மா இன்னும் ஒரு படி மேல: "நாங்க ஒரு தளம் மட்டும்தான் சார், விற்பனையாளரைக் கேளுங்க." விற்பனையாளரைக் கேட்டா, "பணம் தளத்துக்கிட்டதான் சார் இருக்கு, அவங்களைக் கேளுங்க." எம்ஏ, எம்பினு அவ்வளவு வேகமா பதில் சொன்ன அதே ஆள். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. தளத்துல இருந்து ஒரு மெசேஜ்: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது." என்ன தீர்த்தாங்க? 1,890 ரூபாய் அங்கேயே இருக்கு, கள்ள ஆயில் இங்கேயே இருக்கு.

பில்லைக் கேட்டு வாங்கினேன். அதைப் பார்த்து சிரிப்பா, எரிச்சலானு தெரியல. மசகு எண்ணெய்க்கு ஜிஎஸ்டி பில்லுல எச்எஸ்என் குறியீடு (எந்த வகைப் பொருள்னு சொல்ற எண்) 27-லயோ 34-லயோ ஆரம்பிக்கணும். இவங்க பில்லுல 61. அது பின்னலாடை. பனியன் வித்ததா கணக்கு!

இப்ப தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிஞ்சிருக்கு. தளத்தோட குறைதீர் அதிகாரிக்கும் தனியா மெயில் போயிருக்கு. 2020 மின்வணிக விதிப்படி புகார் போட்ட 48 மணி நேரத்துல அந்த அதிகாரி பெற்றுக்கொண்டதா பதில் தரணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். "நாங்க தளம் மட்டும்தான்"னு சொன்னா இந்த விதியை எடுத்துக் காட்டுங்க. உங்களுக்கும் நடந்திருந்தா சாட்ல சண்டை போட்டு நேரத்தை விடாதீங்க, அந்த அதிகாரியோட பேரும் மெயிலும் தளத்துலயே இருக்கணும், தேடிப் பிடிங்க. அதுக்கும் மசியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்ச ரூபாய் வரைக்கும்னா கட்டணம் இல்ல, நீங்க குடியிருக்கிற ஊர்லயே போடலாம்.

ஆயில் மாத்துறதைப் பத்தி விரிவா எழுத இப்போதைக்கு மனசு இல்ல. அவசரமா சிலது மட்டும்.

இதே கிரேடு ஒரு டப்பா, அலுமினிய வாஷர், ஒரு நல்ல 17 ஸ்பேனர், மூணையும் உள்ளூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில வாங்கினாலே ஆயிரத்தைத் தொடாது. ட்ரேக்குப் பழைய கேனை வெட்டிக்கலாம். டப்பாவைக் கடையிலேயே திறந்து ஃபாயிலைப் பார்த்துடுங்க, நல்ல கடைக்காரர் கோவிச்சுக்க மாட்டார்.

இன்ஜினை ரெண்டு மூணு நிமிஷம் ஓட விட்டு, நிறுத்தி, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பழைய ஆயிலை இறக்குங்க. மேல ஆயில் ஊத்துற மூடியையும் கழட்டி வச்சா ஆயில் தடையில்லாம வரும். போல்ட் தலை கீழ பார்த்து இருக்கிறதால, மேல நின்னு பார்த்தா கழட்டுற திசை குழம்பும். தலையைக் கீழே இருந்து பார்த்து இடது பக்கம் திருப்புங்க. மாட்டும்போது முதல் நாலு சுத்து விரலால மட்டும். டார்க் ரெஞ்ச் (இறுக்குற பலத்தை அளந்து காட்டுற ஸ்பேனர்) இருந்தா 25-ல இருந்து 30 நியூட்டன் மீட்டருக்குள்ள. இல்லைன்னா ஸ்பேனரைக் கிட்டப் பிடிச்சு, வாஷர் அமுங்குறது தெரிஞ்சதும் நிறுத்துங்க. மேல குழாய் மாட்டி மிதிக்காதீங்க.

ஒரு டப்பா இருக்கேனு முழுசையும் கவிழ்க்காதீங்க. இறக்கி ஊத்தும்போது இன்ஜின் பிரிச்சு ஊத்துறதைவிடக் குறைவாத்தான் பிடிக்கும். உங்க மாடல் கையேட்டுல இருக்கிற அளவுக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்தி, இன்ஜினை ஓட விட்டு அணைச்சு, சில நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கிற குச்சி) திருகாம சும்மா வச்சு எடுத்துப் பாருங்க. கூடினா மூச்சுக்குழாய் வழியா ஏர் ஃபில்டருக்குள்ள ஆயில் போகும். மண்ணெண்ணெய், டீசல் ஊத்தி இன்ஜினைக் கழுவுறேன்னு யாராவது வந்தா விடாதீங்க, மிச்சம் உள்ளேயே தங்கி புது ஆயிலைத் தண்ணியாக்கிடும்.

பழைய ஆயிலைச் சாக்கடையில ஊத்தாதீங்க, கேன்ல பிடிச்சு சர்வீஸ் சென்டர்ல கொடுங்க. காலி டப்பாவை முழுசா பழைய இரும்புக் கடைக்குப் போடாதீங்க. அடியில ஸ்க்ரூடிரைவரால ஒரு குத்து, லேபிள்ல கத்தியால ஒரு கோடு. இவனுங்களுக்கு டப்பா அங்க இருந்துதான் போகுது.