மூலக்கடைப் பக்கம் ப்ளே ஸ்கூல் தேடுகிறவர்கள் படியுங்கள்: 42,000 ரூபாய் போச்சு

பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். அதனால் மூலக்கடைப் பக்கம் இருக்கிற, அரசு உரிமம் பெற்ற ஒரு ப்ளே ஸ்கூல் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே நாங்கள் கட்டியது 42,000 ரூபாய். முழு வருடத்துக்கும் ஒரே தவணையில்.

சேர்க்கப் போன அன்று அந்த மேடம் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. என் மகள் துப்பட்டாவை விடவே இல்லை. மேடம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இவளைப் பார்க்காத மாதிரி ஒரு பொம்மை யானையை உருட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் இவளே போய் அவர் மடியில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எந்த அம்மாவுக்குச் சந்தேகம் வரும்? குட்டி வாஷ்பேசின்கள், ஒவ்வொன்றிலும் லிக்விட் சோப்பு. ஆர்.ஓ. தண்ணீர். மொபைலில் பார்க்க கேமரா. சுவரில் ஃப்ரேம் போட்ட உரிமம். “கவர்மென்ட் லைசென்ஸ் மேடம், தைரியமா விட்டுட்டுப் போங்க.” என் கணவர் அங்கேயே நின்று ஜிபே செய்தார்.

போன வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல். மறுநாள் வாயெல்லாம் புண், உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம். எச்சில் விழுங்க முடியாமல் அழுதாள். டாக்டர் பார்த்ததுமே கை, கால், வாய் நோய் என்றார். வைரஸ்தான், எச்சில், சளி, கொப்புள நீர், மலம் வழியாகப் பரவுமாம். தனி மருந்து கிடையாது, உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் ஒரு வாரம், பத்து நாளில் சரியாகிவிடும் என்றார். விசாரித்தால், அதே வகுப்பில் ஏற்கெனவே மூன்று பிள்ளைகளுக்கு இருந்திருக்கிறது. வேர்க்குரு என்று சொல்லி எல்லோரோடும் உட்கார வைத்திருக்கிறார்கள்!

பிள்ளையின் பையை எடுத்துவர அத்தை பதினோரு மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போனார். டயபர் மாற்றிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஆயா அதே கையால் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தாராம். சோப்பு டப்பா எல்லாம் காலி. ஆர்.ஓ. மெஷினின் ப்ளக்கைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். பின்கதவை உடைந்த நாற்காலிகள் அடைத்திருந்தன. 2004-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்த மாநிலம் இது. ஆயாவைக் குறை சொல்ல மாட்டேன், அத்தனை வாண்டுகளுக்கும் அவர் ஒருத்தர்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “குழந்தைங்கன்னா இதெல்லாம் வரும் மேடம்.” கேமராப் பதிவைக் கேட்டால் சர்வர் பிரச்சினை. கரஸ்பாண்டன்ட் திருப்பதி போயிருக்கிறார், வந்ததும் மீட்டிங்கில் இருக்கிறார். கடைசியில் ஃபாரத்தின் அடியில் எறும்பு சைஸ் எழுத்தைக் காட்டினார்கள்: கட்டணம் திருப்பித் தரப்படாது. பிள்ளைகளின் கையைப் பாருங்கள் என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எழுதியதற்கு என்னை நீக்கிவிட்டார்கள். “லைசென்ஸ் உள்ள ஸ்கூல், எங்க வேணா போய்ச் சொல்லுங்க” என்று திரும்பவும் அதே ஃப்ரேமைக் காட்டுகிறார் மேடம். 42,000 ரூபாய்!

2015-லேயே ப்ளே ஸ்கூலுக்கென்று தமிழக அரசு விதிமுறை போட்டுவிட்டது. கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரச் சான்றுகளைக் கேட்டு வாங்கித் தேதியைப் பாருங்கள். அட்மிஷன் அன்று பார்த்தது போதாது, ஒரு நாள் சொல்லாமல் போய் பாத்ரூமில் சோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். முழுப் பணத்தைக் கட்டவே கட்டாதீர்கள். நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். இதே இடத்தில் பணம் மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள், சேர்ந்து போய்க் கேட்போம்.