பி.பி. மெஷின்: பதினான்கு மாதம் கையில் கட்டிப் பார்த்த பிறகு

அண்ணன் இறந்தபோது அவருக்கு 54 வயது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாய் கோணி அப்படியே சரிந்தார். பக்கவாதம். மூன்றாம் நாள் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் "பி.பி.க்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்று கேட்டார்கள். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அவருக்கு பி.பி. இருந்ததா என்றே தெரியாது. தலைவலி, கிறுகிறுப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. பெரும்பாலானவர்களுக்கு ரத்த அழுத்தம் எந்த அறிகுறியும் காட்டாது என்பதெல்லாம் அதற்கப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

காரியம் முடிந்த வாரமே மெஷின் வாங்கினேன். எனக்கு 51 வயது. பெங்களூரு சுல்தான்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் சின்ன பிரஸ் வைத்திருக்கிறேன், வீடு ஸ்ரீராமபுரம். முதலில் வாங்கியது மணிக்கட்டில் கட்டும் வகை, ஆன்லைனில். ஒரு தடவை 118 காட்டும், ஐந்து நிமிடம் கழித்து 151 காட்டும். மணிக்கட்டை நெஞ்சு மட்டத்துக்குச் சரியாகத் தூக்கிப் பிடிக்காவிட்டால் இந்த வகை தப்பாகத்தான் காட்டும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தக் காசு போனது போனதுதான்.

அடுத்து எங்கள் தெரு முனை மெடிக்கலுக்குப் போய் மேல்கையில் கட்டும் மெஷின் கேட்டேன். கடைத் தம்பி மெஷினை எடுப்பதற்கு முன் தையல்காரர் டேப்பை எடுத்தான். "அண்ணா, கையைக் கொடுங்க, அளந்துடலாம்." தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றிப் பார்த்து 29 செ.மீ. என்றான். பெட்டியோடு வருகிற பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரை உள்ள கைக்குத்தான். தடித்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பி.பி.யை இருப்பதாகக் காட்டும். வாங்கப் போகிறவர்கள் மற்ற எதையும் கேட்க மறந்தாலும் இதை மட்டும் கேட்டுவிடுங்கள். விலை இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனது.

மெஷினைப் பையில் போட்டு எங்கள் டாக்டரம்மாவிடமே கொண்டுபோனேன். அவர் தன் கருவியில் ஒருமுறை, இதில் ஒருமுறை பார்த்தார். மூன்று புள்ளிதான் வித்தியாசம். "நம்பிப் பாருங்க" என்றார். எப்படிப் பார்க்க வேண்டும் என்றும் உட்கார வைத்துக் காட்டினார். அந்தப் பத்து நிமிடம் மெஷினைவிட மதிப்பானது.

காலையில் எழுந்ததும் முதலில் சிறுநீர் கழித்துவிட வேண்டும். டீ, சிகரெட், நடை எதுவானாலும் முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும், கால்மேல் கால் கூடாது. கையை மேசைமேல், நெஞ்சு மட்டத்தில் வைக்க வேண்டும். சட்டைக் கையைச் சுருட்டி இறுக்காமல் வெறும் தோலில் பட்டையைக் கட்ட வேண்டும், ரப்பர் குழாய் உள்ளங்கைப் பக்கம் இறங்க வேண்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் பித்தானை அமுக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தடவை. இரவிலும் இதேபோல் இரண்டு. ஏழு நாள் பார்த்து, முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி போட வேண்டும்.

ஒருநாள் சோதித்தே பார்த்தேன். டீ குடித்த கையோடு, கால்மேல் கால் போட்டு, மனைவியிடம் பால் கணக்குப் பேசிக்கொண்டே அமுக்கினேன். 152. அரை மணி கழித்து, முறைப்படி வாய் மூடி உட்கார்ந்து பார்த்தால் 139. அதே கை, அதே மெஷின். மெஷின் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் இதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டுப் போகலாம்.

முதல் வாரச் சராசரி 146/92. கிளினிக்கில் 140/90 என்றால் அதிகம், வீட்டில் பார்க்கும்போது 135/85 தாண்டினாலே அதிகம் என்றார் டாக்டரம்மா. மாத்திரை எழுதினார். அண்ணனைப் பற்றிக் கேட்டார். அப்புறம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்.

ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன் அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, பேக்கரி பிஸ்கட்டில் இருப்பதெல்லாம் சேர்த்துத்தான். எனக்கோ மோர் சாதத்துக்கு மாவடு இல்லாமல் இறங்காது. மனைவி நாற்பது வருடப் பழக்கத்தைச் சண்டை போட்டு மாற்றவில்லை. நாள் காலண்டரில் அன்றன்றைக்கான தாளில் காலை எண், இரவு எண் எழுதி, கல்யாணத்துக்குப் போய் வந்த நாள், கருவாட்டுக் குழம்பு வைத்த நாள் எல்லாவற்றிலும் ஒரு புள்ளி வைத்தாள். கிழித்த தாள்களைக் கம்பியில் குத்தி வைப்பாள். ஒரு மாதம் கழித்து அந்தக் கற்றையைப் புரட்டினேன். புள்ளி வைத்த நாளுக்கு மறுநாள் எண்கள் பெரும்பாலும் ஏறியிருந்தன. யார் சொல்லியும் கேட்காதவன் அவள் கையெழுத்தில் இருந்ததைக் கேட்டேன். மாவடு இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் ஒன்று.

சிகரெட்டை விட்டு பதினொரு மாதம் ஆகிறது. விட்டு ஒரு வருடத்தில் மாரடைப்பு ஆபத்து, புகைப்பவர்களுக்கு இருப்பதில் பாதியாகக் குறைகிறது என்பதை டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். முன்பு ஸ்ரீராமபுரத்தில் மெட்ரோ ஏறிச் சிக்பேட்டையில் இறங்குவேன். இப்போது மெஜஸ்டிக்கிலேயே இறங்கி நடக்கிறேன். மாலையிலும் அப்படியே. வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை வேண்டும் என்கிறார்கள், அதற்குமேலேயே வந்துவிடுகிறது.

மெஷினில் குறைகளும் உண்டு. கடைசி அளவை மட்டும்தான் நினைவில் வைக்கும், அதனால் காலண்டரை விட முடியாது. செல் இறங்கினால் பாதிக் காற்றில் நின்றுவிடும். அடாப்டர் தனியாக வாங்க வேண்டியிருந்தது. இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு இந்த மெஷின் எண்கள் அவ்வளவு நம்பகமில்லை. அவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

போன மாதச் சராசரி 127/80. மாத்திரையை நிறுத்தலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "மாத்திரையும் சேர்ந்துதான் இறங்கியிருக்கு. நீங்களா நிறுத்தாதீங்க" என்றார். இன்னொன்றும் சொல்லி அனுப்பினார்: 180/120 தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கை கால் மரத்துப் போவது, பேச்சுக் குழறல் இருந்தால் மறுபடி மறுபடி அளந்துகொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்த வரியை மெஷின் பெட்டி மூடியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அண்ணன் மகனுக்கு 29 வயது. ஒயிட்ஃபீல்டில் வேலை, இரவு இரண்டு மணிக்குத்தான் தூங்குகிறான். போன ஞாயிறு சாப்பிட வந்தவனை உட்கார வைத்துப் பட்டையைக் கட்டினேன். "எனக்கு எதுக்கு சித்தப்பா?" என்றான். பட்டை சரியாக ஒட்டவில்லை. டேப் வைத்துப் பார்த்தால் கை 34 செ.மீ. பெரிய பட்டை வர இரண்டு நாள் ஆகும் என்றான் மெடிக்கல் தம்பி. பணம் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.